அப்பா சொல்லாத மூன்று சொற்கள்

சிம்மக்கல்லில் புளியும் வத்தலும் மூட்டை மூட்டையாக இறங்கும் ஒரு மொத்தக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே லோடுமேன்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் பதினான்கு பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்கக் குற்றங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்போம். அந்த நாட்டுச் சிற்றூர் நீதிமன்றங்களில் பேசுவது, காவல் நிலையத்தில் விசாரிப்பது, சிறையில் இருப்பவர் வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம் ஒலிப்பதிவாகிறது. அதை யாராவது கேட்டு எழுத்தில் கொண்டுவர வேண்டும். எட்டு வருடங்களாக அந்த யாராவதில் நானும் ஒருத்தி.

வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான். காதில் விழுவதை விழுந்தபடியே அடிக்க வேண்டும். இருமினால் இருமல், அழுதால் அழுகை, இழுத்தால் இழுவை. நான் தமிழாசிரியரின் மகள். பிழையைக் கண்டால் கை தானாகத் திருத்திவிடும். முதல் வாரமே டீம் லீடர் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, இந்த ஆளு இங்கிலீஷ தப்பாத்தான பேசுறான்? தப்பாவே அடிங்க. நீங்க திருத்துனா அது அவன் பேச்சு இல்ல, ஒங்க பேச்சாயிரும்."

அன்றிலிருந்து திருத்துவதில்லை.

சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல் அந்த நாட்டுக் குற்றவியல் முறையை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். ஒருவரைக் கைது செய்து விசாரிக்கும் முன், போலீஸ்காரர் மனப்பாடமாக நாலு வரி சொல்வார். நீங்கள் பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசே வைத்துத் தரும். இதைக் கேட்டு முடித்ததும் கைதானவர் முதல் வேலையாகப் பேச ஆரம்பிப்பார். பேசாமல் இருந்தவர் என் காதில் அநேகமாக விழுந்ததே இல்லை. பேசாமல் இருந்திருந்தால் பதிவு எனக்கு வந்திருக்காது என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்தது நீதிமன்றம். படங்களில் பார்த்த மாதிரி பன்னிரண்டு ஜூரிகள் உட்கார்ந்திருக்க, வக்கீல்கள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எட்டு வருடத்தில் அப்படி ஒன்றே ஒன்றைத்தான் அடித்தேன். மற்றதெல்லாம் பேரம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும். வழக்கை நடத்திப் பார்க்கிறேன் என்றால் கூடும். ஒத்துக்கொள்கிறவரிடம் நீதிபதி வரிசையாகக் கேட்பார். யாராவது மிரட்டினார்களா? இல்லை. யாராவது ஆசை காட்டினார்களா? இல்லை. சொந்த விருப்பத்தில்தான் ஒத்துக்கொள்கிறீர்களா? ஆமாம். எல்லாரும் ஒரே பதிலையே சொல்வதால், அந்தக் கேள்வி பதில் முழுவதையும் ஒரு விசையை அழுத்தினால் வந்து விழுகிற மாதிரி சேமித்து வைத்திருந்தேன். பதிவோடு ஒப்பிட்டு ஆளுக்கு ஏற்ற மாதிரி இருமலை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்வேன். விளாங்குடியில் அப்பாவும் நானும்தான். அம்மா போய்ப் பல வருடமாகிறது. அப்பா மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில்கூடப் பாதி செந்தமிழ்தான். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் குற்றம் என்று ஒருநாள் விளக்கினேன். அப்பா தோசையைப் பிய்த்தபடி யோசித்தார்.

"பன்னிரண்டு பேரா? நம்ம தெருவுல ரெண்டு பேர் ஒத்துப்போய் நான் பாத்ததில்லையேம்மா" என்றார்.

அந்த இரண்டு பேரில் ஒருவராகத் தானே ஆகப்போகிறார் என்று அப்போது தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அதிர்ந்து பேசாதவர். அவர் வீட்டுச் சலவை இயந்திரத்தின் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தெருவுக்கு வந்து, சரிவு எங்கள் பக்கம் என்பதால், எங்கள் கேட்டுக்கு முன்னால் குளமாகத் தேங்கும். அப்பா மூன்று முறை மரியாதையாகச் சொல்லியிருந்தார். "பாத்து மாத்திருவோம் சார்" என்று அவரும் மூன்று முறை மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வேதக் கோயிலுக்குக் கிளம்பினார். ஆராதனைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கேட்டைத் திறந்து ஓர் அடி வைத்தார். அடுத்த அடி சோப்புத் தண்ணீரில் வழுக்கி, அந்தக் குளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிவந்து தூக்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "அய்யய்யோ, பாத்து வரக்கூடாதா சார்" என்றார்.

அந்தப் "பாத்து வரக்கூடாதா"தான் கெடுத்தது. அப்பா எழுந்து நின்றார். நுரை வடிந்துகொண்டிருந்தது. சுட்டுவிரலை நீட்டி, வகுப்பறைக் குரலில், "மூன்று முறை சொல்லியும் கேளாத நீர் ஒரு மனிதரா? பதரே!" என்றார்.

அவ்வளவுதான். நெல்லாக முற்றாமல் வெறும் உமியாகப் போனதற்குப் பதர் என்று பெயர். அப்பாவுக்குத் தெரிந்த வசவுகளில் அதுதான் கடைசிப் படி. அதற்கு மேல் அவரிடம் சரக்குக் கிடையாது. ஆனால் தெருவில் நாலு பேர் பார்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லின் பொருள் சரியாகத் தெரியாது. அதனாலேயே அது இருக்கிறதிலேயே மோசமான ஒன்றாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் சுண்டிப்போய் உள்ளே போனார்.

மறுநாள் அவர் காவல் நிலையத்தில், அப்பா தன்னைத் தகாத வார்த்தையால் திட்டியதாக ஒரு மனு கொடுத்துவிட்டார். கூப்பிட்டுக் கண்டித்து அனுப்புவார்கள் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அவருடைய மைத்துனர் மகன் நல்லது செய்வதாக நினைத்து யாருக்கோ போன் போட்டுவிட்டான். மேலேயிருந்து சொல்லி வந்த புகார் என்பதால் எஃப்.ஐ.ஆரே போட்டுவிட்டார்கள்.

அப்பாவை விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நானும் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். ஐந்து வருட அனுபவம் எனக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையா ஒரு மர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர், தான்தான் குற்றவாளி என்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் நிமிர்ந்து நின்று, "சார், எங்கப்பாவுக்குப் பேசாம இருக்கிற உரிமை இருக்கு" என்றேன்.

ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"இருக்கும்மா. யாரு இல்லைன்னா? அந்த உரிமைய ஞாயித்துக்கிழமை காலையில பயன்படுத்தியிருந்தா இன்னைக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேணாமே?"

 அப்பாவோ அதற்குள், அந்த நாட்டுக் கைதிகளைப் போலவே, பேச ஆரம்பித்திருந்தார். பதர் என்ற சொல்லின் பொருளை ஏட்டையாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஏட்டையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, இதுக்கெல்லாம் செக்சன் கெடையாது" என்றார். நாங்கள் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டோம்.

நிலைய ஜாமீனில் விட உள்ளூர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். என்ன செய்வதென்று நாங்கள் முழித்தபோது பெஞ்சிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார்.

"நான் வேணாப் போடவா? எனக்கு அவரப் பதினெட்டு வருசமாத் தெரியும். தங்கமான மனுசன்."

"யோவ், நீங்கதான்யா கம்ப்ளைண்டு" என்றார் ஏட்டையா. "நீங்களே புகார் குடுத்து நீங்களே ஜாமீன் போட்டா, நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

கடைசியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் வந்து போட்டார்.

ஒரு வாரம் கழித்து வக்கீல் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். நகலை முதலில் நான்தான் படித்தேன். "மேற்படி எதிரி மேற்படி புகார்தாரரைப் பார்த்து" என்று ஆரம்பித்து, நடுவில் மேற்கோள் குறிக்குள் மூன்று சொற்கள். முதல் சொல் பக்கத்து வீட்டுக்காரரின் தாயாரைப் பற்றியது. இரண்டாவது அவரது பிறப்பைப் பற்றியது. மூன்றாவதை நான் பேருந்துகளில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் அன்றுதான் பார்த்தேன். பதர் அதில் எங்கேயும் இல்லை. பதருக்குத்தான் செக்சன் இல்லையே. அவர்கள் போட்டிருந்த செக்சன், ஆபாசமாகப் பேசினால்தான் பொருந்தும். அதனால் பேச்சைச் செக்சனுக்கு ஏற்றபடி தைத்திருந்தார்கள்.

"யாரு சொன்னா இத?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலக்கா" என்றார் வக்கீல். "திட்டுற கேஸுன்னா இதே மூணு வார்த்தைதான். ஸ்டேஷன்ல ரெடியா வச்சிருப்பாக. பேரும் விலாசமும் மட்டும் மாறும்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஒரு விசையை அழுத்தினால் ஒருவரின் ஒப்புதல் முழுவதும் வந்து விழும்படி வைத்திருக்கிறவள் நான். யாரைக் கோபிப்பது?

நகலை அப்பாவிடம் கொடுக்கத் தயங்கினேன். அவரே வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, விடைத்தாள் படிப்பதுபோல் படித்தார். முகம் சிவக்கும், கை நடுங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, "இது நம்ம வட்டாரப் பேச்சே இல்லையே" என்றார். "இந்த மூன்றாவது சொல்லோட விகுதியப் பாரு. இது வடக்கே பேசுறது. மதுரையில் யாரும் இப்படி முடிக்க மாட்டாங்க. அப்புறம் முதல் சொல் ஒருமை, கடைசி வினை பன்மை. நான் எப்படி இப்படிப் பேசியிருப்பேன்?"

வக்கீல் சிரித்துவிட்டு வழிகளைச் சொன்னார். முதல் வழி, நீதிமன்றத்தில் முதல் நாளே குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். அரை மணி நேர வேலை. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரும் அதே மூன்று சொற்களால் திட்டினார் என்று நாமும் ஒரு புகார் கொடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்றாவது, வழக்கை நடத்துவது. எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதலாவதற்கு, "நான் சொல்லாததைச் சொன்னேன்னு கோர்ட்டுல போய்ச் சொன்னா, அது பொய்தானே?" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "ஒத்துக்கிட்டு வந்துருங்கப்பா. எதுக்கு அலையணும்? அரை மணி நேரம். முடிஞ்சிரும். வீட்டுக்கு வந்துரலாம்" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அந்தக் குரலை அடையாளம் கண்டேன். சிறையிலிருந்து வரும் போன் பதிவுகளில் அம்மாக்களும் மனைவிகளும் பேசுவது. ஒத்துக்கொள், வீட்டுக்கு வா, செய்தாயா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதை அடிக்கும்போதெல்லாம் என்ன ஜனங்கள் இவர்கள் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு இருந்த காரணம் அவர்களுடையதைவிடச் சின்னது. அந்த வருடம் எனக்கு லீவு மிச்சமில்லை.

அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் காலை, "மூணாவது வழின்னு வக்கீலம்மாகிட்டச் சொல்லிரு" என்றார்.

நீதிமன்றத்தில் முதல் நாள். நடுவர் சிறு வயதுப் பெண். மேஜையில் கட்டுகள் அவர் தோள்வரை இருந்தன. அப்பாவின் முறை வந்ததும் குற்றச்சாட்டைச் சுருக்கமாகச் சொல்லி, "ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"அந்த வாக்கியம் என்னுடையது அல்ல அம்மா. அதில் ஒருமை பன்மை மயக்கம் இருக்கிறது" என்றார் அப்பா.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் அப்பாவின் சட்டையைப் பின்னால் இழுத்தார்.

"ஐயா, ஒத்துக்கிறீங்களா, இல்லையா?"

"இல்லை."

அதற்குப் பிறகு வழக்கு மூன்று வருடம் நடந்தது. நடந்தது என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. மாதம் ஒரு முறை போய்க் கையைக் கட்டி நிற்பார். அடுத்த தேதி சொல்வார்கள். நடுவில் நாட்டின் குற்றச் சட்டமே புதிதாக வந்து செக்சன் எண்களெல்லாம் மாறின. எங்கள் வழக்கு மட்டும் பழைய எண்ணிலேயே ஓடியது.

சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தேதிகளில் அழைப்பு வரத் தொடங்கியது. ஒரே தெரு, ஒரே நீதிமன்றம், ஒரே பேருந்து. முதல் தடவை ஒருவர் முன்படியிலும் ஒருவர் பின்படியிலும் ஏறினார்கள். இரண்டாவது தடவை கூட்டம். உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் துண்டைப் போட்டுப் பிடித்து வைத்திருந்த பக்கத்து இடத்தைக் காட்டி, "வாங்க சார்" என்றார். அப்பா உட்கார்ந்தார். சிம்மக்கல்லில் நான் வேலைக்கு இறங்கியபோது திரும்பிப் பார்த்தேன். இருவரும் மூட்டுவலித் தைலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டு அம்மா வெள்ளிக்கிழமைச் சுண்டலை மதில் வழியாக மறுபடி தர ஆரம்பித்தார். மாநகராட்சி பாதாளச் சாக்கடை போட்டுக் குளமும் வற்றிப்போனது. வழக்குக்கு இருந்த காரணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டன. வழக்கு மட்டும் தீரவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வக்கீலைத் தேடி வந்து, "நான் கேஸ வாபஸ் வாங்கிக்கிறேம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"ஒங்களால வாங்க முடியாதுங்கய்யா. இது ஒங்க கேஸ் இல்ல."

"புகார் குடுத்தது நான்தான?"

"புகார்தான் ஒங்களோடது. கேஸ் அரசாங்கத்தோடது. இந்தச் செக்சன்ல ராஜி ஆகவும் முடியாது."

அவருக்கு அது விளங்கவே இல்லை. எனக்கு விளங்கியது. குற்றம் தனி ஆளுக்கு எதிரானது இல்லை, ஊருக்கே எதிரானது என்பது அந்த நாட்டு முறையிலும் முதல் பாடம். சில மாநிலங்களில் வழக்கின் பெயரே "மக்கள் எதிர் இன்னார்" என்றுதான் ஆரம்பிக்கும். அடிபட்ட மனைவி அழுதுகொண்டே வேண்டாம் என்பாள். அரசு வழக்கறிஞர் வேண்டும் என்பார். தமிழ்நாடே திரண்டு அப்பாவுக்கு எதிராக நின்றது, சோப்புத் தண்ணீருக்காக.

உயர் நீதிமன்றத்துக்குப் போய் இருவரும் சமரசம் என்று கையெழுத்துப் போட்டால் ரத்து செய்யலாம் என்று வக்கீல் இன்னொரு வழி சொன்னார். சமரச மனுவில் "நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. எந்தச் சம்பவம் என்று அப்பா கேட்டார். அந்த வழியும் அடைபட்டது.

சாட்சிப் பட்டியலில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெயர் இருந்தது. கூண்டில் ஏறியதும் அவர், "சாமி, அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. எங்க அக்கா மக காதுகுத்துக்கு எழுமலை போயிருந்தேன்" என்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் சோர்வாக ஒரு தாளைப் புரட்டி, சாட்சி பேச்சு மாறிவிட்டார், அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த தேதியில் பக்கத்து வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முதல் நாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "நாளைக்கு நான் என்ன சார் சொல்லட்டும்?" என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். "நடந்ததைச் சொல்லுங்க" என்றார் அப்பா. சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது எந்த நாட்டிலும் குற்றம் என்று நான் எச்சரிக்க வாயெடுப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அரசு வழக்கறிஞர் ஆரம்பித்தார். "எதிரிய ஒங்களுக்குத் தெரியுமா?"

"யாருங்க எதிரி?"

"அங்க நிக்கிறாரே, அவரு."

"அவரு எனக்கு எதிரி இல்லைங்க. சார் ரொம்ப நல்லவரு."

நடுவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அது கோர்ட்டுல சொல்ற வார்த்தைங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

"அவரு ஒங்கள எப்படித் திட்டுனாரு?" என்று வழக்கறிஞர் தொடர்ந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார். "பதரேன்னு சொன்னாருங்க."

"அது சரி. வேற?"

"மனிதரான்னு கேட்டாரு."

"அசிங்கமா ஏதும் பேசலையா?" வழக்கறிஞர் எஃப்.ஐ.ஆரைத் தூக்கிக் காட்டினார். "இதுல ஒங்க கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"இதுல எழுதியிருக்கிறதப் படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று வருடத்தில் அன்றுதான் முதல் முறையாகப் படிக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விபூதிக்குக் கீழே நெற்றி வேர்த்தது. தாளை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"சிவ சிவா! எங்கம்மாவையா? இத யாருங்க எழுதுனது? சார் இப்படியெல்லாம் பேசவே மாட்டாரு. எனக்கு அன்னைக்கு அந்தப் பதருன்னா என்னன்னு தெரியல. என்னமோ பெருசாத் திட்டிட்டாருன்னு நெனச்சுட்டேன். நெல்லுல வர்றதுன்னு அப்புறம் சார்தான் பஸ்ல வச்சுச் சொன்னாரு."

நீதிமன்றத்தில் அது வரைக்கும் தங்கள் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த வக்கீல்கள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள். நடுவர் சாட்சியத்தைத் தட்டச்சருக்குச் சொல்ல ஆரம்பித்தார். "எதிரி என்னை ஆபாசமாகத் திட்டவில்லை." பதரும் பஸ்ஸும் சிவ சிவாவும் அதில் வரவில்லை. என் விரல்கள் மடியில் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன.

அரசு வழக்கறிஞர் மறுபடி எழுந்து, இவரும் பிறழ்சாட்சி என்றார்.

அப்படியாக, மூன்று வருடத்தில் அந்தக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்ன இரண்டு பேரும் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். ஏட்டையா வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். வந்து, எஃப்.ஐ.ஆரில் இருப்பதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை யாரும் பிறழ்சாட்சி என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் தீர்ப்பு. அரசுத் தரப்பு குற்றச்சாட்டைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தவறியதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாக நடுவர் வாசித்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் சந்தோஷமாக இல்லை.

வெளியே வேப்ப மர நிழலில் வக்கீலிடம் கேட்டார். "யாருக்கும்மா சந்தேகம்?"

"எல்லாருக்கும் இப்படித்தான்யா எழுதுவாக. ஜெயிச்சுட்டோம்ல?"

"நான் சொல்லலைன்னு எழுதலையே. சொன்னேனான்னு சந்தேகமா இருக்குன்னுல்ல எழுதியிருக்காங்க."

அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொன்னேன். அங்கேயும் ஜூரிகள் ஒருவரை நிரபராதி என்று சொல்வதில்லை, "நாட் கில்ட்டி" என்பார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஒருவர் நிரபராதி என்று எழுதிக்கொடுக்கிற இலாகா எந்த நாட்டிலும் இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இதைக் கற்கவா எட்டு வருடம் என்ற கேள்வி இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் பங்குக்கு வருத்தம். "சார், நான் சத்தியம் பண்ணிட்டு உண்மையத்தான சொன்னேன்? என்னயப் போயி பிறழ்சாட்சின்னுட்டாகளே. எங்க வீட்டுல கேட்டா என்ன சொல்ல?" இருவரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கு அதிக அவமானம் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கு வந்த மாதிரி தெரியவில்லை.

ஆனாலும் விடுதலை விடுதலைதானே. தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்று அப்பா கொஞ்சம் தெளிந்தார். சபையில் மூன்று வருடமாக முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குக் காட்ட வேண்டும், முதலில் போதகர் ஐயருக்குக் காட்ட வேண்டும் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பும் முன் ஒரு முறை படித்துவிடலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். வழக்கின் சுருக்கம் என்ற தலைப்பின் கீழ், அப்பாவின் பெயர், வயது, அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்ற விவரம், அதற்கு அடுத்த வரியில் மேற்கோள் குறிக்குள் அந்த மூன்று சொற்கள். ஒன்றுகூட விடாமல், நீதிமன்ற முத்திரையோடு. அப்பா அவற்றைச் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தத் தாள்தான். அந்தத் தாளைக் காட்டினால் படிக்கிறவர் கண் வேறு எங்கே போகும்?

அப்பா தாள்களை நாலாக மடித்தார். பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரே வாசலில் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுதலையாயிருச்சாமே, ரொம்ப சந்தோஷம் ஐயா. தீர்ப்பு நகல் வந்தாக் கொண்டுவாங்க. சபையில ஒரு வார்த்தை வாசிச்சுருவோம்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"நகல் இன்னும் வரலை ஐயரே" என்றார் அப்பா. "கோர்ட்டுல ரொம்பத் தாமதம் பண்றாங்க."